முறிமருந்தும் பொறுப்பும் – ஒரு மார்க்கச் சட்ட ஆய்வு

 

தொழுகையில் நிற்கும் ஒருவருடைய காதில், ஆபத்தில் சிக்கிய ஒருவனின் அபயக்குரல் விழுகிறது. அவர் என்ன செய்ய வேண்டும்? நம் அரபிக் கல்லூரிகளில் ஆரம்ப வகுப்புகளிலேயே ஓதிக் கொடுக்கப்படும் 'நூருல் ஈளாஹ்' என்ற ஹனபி மத்ஹபின் நூலில் இதற்கு விடை உண்டு. அவர் தொழுகையை முறித்துவிட்டு உதவிக்கு ஓடுவது வாஜிபு. தாயோ தந்தையோ சாதாரணமாகக் கூப்பிட்டாலும் முறிக்கக் கூடாத பர்ளான தொழுகையை, முன்பின் அறியாத ஒருவனின் உயிருக்காக முறிக்கச் சொல்கிறது ஷரீஅத். உயிருக்கு அல்லாஹ் வைத்திருக்கும் மதிப்பு அத்தகையது.

இந்த மஸ்அலாவை மனத்தில் இருத்திக்கொண்டு, இக்காலத்தில் எழுந்துள்ள ஒரு கேள்வியை ஆராய்வோம். போதை மருந்தை அளவு மீறி உட்கொண்ட ஒரு வாலிபன் மூச்சுத் திணறிக் கிடக்கிறான். ஆம்புலன்ஸ் வருகிறது. அதில் வந்த மருத்துவ உதவியாளரிடமோ, கொண்டு சேர்க்கப்பட்ட மருத்துவமனை ஊழியரிடமோ அந்தப் போதையை முறிக்கும் மருந்து இருக்கிறது. அவர் அதைக் கொடுக்காமல் விட்டால் பொறுப்பாளியா? கொடுத்த பின் கெடுதி நேர்ந்தால் பொறுப்பாளியா? வீட்டார் மீது பொறுப்பு ஏதும் உண்டா?

இந்தக் கேள்வி நமக்கெதற்கு?

'இதெல்லாம் அமெரிக்காவில் நடப்பது. வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி மஹல்லாக்களுக்கு இதில் என்ன வேலை?' என்று சிலர் எண்ணலாம். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 2.1 சதவீதத்தினர், அதாவது சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர், அபின் இனப் போதைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். அபின், ஹெராயின் மட்டுமல்ல. வலி நிவாரணியாக மருந்துக் கடையில் விற்கப்படும் சில மாத்திரைகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. டாபென்டடால் என்ற வலி மாத்திரையை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கி, நீரில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் கொடிய பழக்கம் தமிழ்நாட்டு வாலிபர்களிடையே புகுந்துள்ளது. சென்னையிலும் பிற மாவட்டங்களிலும் காவல்துறையினர் இம்மாத்திரைகளைப் பலமுறை கைப்பற்றியிருக்கிறார்கள். தோல் ஷாப்புகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உடல் நோக உழைக்கும் மக்கள் வாழும் பகுதி நம்முடையது. வலி மாத்திரை இல்லாத வீடு இங்கே குறைவு. எனவே, நெருப்பு பக்கத்துத் தெருவில்தானே என்று நாம் இருந்துவிட முடியாது.

மருந்தின் தன்மை

சட்டத்தைக் கூறுமுன் மருந்தை அறிவது அவசியம். அபின் இனப் பொருள் அளவு மீறினால், மூச்சு விடும்படி உடலுக்குக் கட்டளையிடும் மூளைப் பகுதி அடங்கிவிடுகிறது. மூச்சு வரவரக் குறையும். குறட்டை போன்ற சத்தம் கேட்கும். உதடும் நகமும் நீலம் பாயும். கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும். தட்டி எழுப்பினாலும் எழமாட்டான். பிறகு மூச்சு நின்றுவிடும்.

நலோக்ஸோன் என்ற மருந்து இந்தப் பிடியை விடுவிக்கிறது. மூளையில் அபின் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்கிறது. 1961ல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட இம்மருந்துக்கு அமெரிக்க அரசு 1971ல் அனுமதி அளித்தது. நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இடம் பெற்றிருக்கிறது. ஊசியாகப் போட்டால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும்.

இதில் கவனிக்க வேண்டியவை நான்கு. ஒன்று, அபின் இனப் பொருள் உடலில் இல்லாதவனுக்குத் தவறிக் கொடுத்துவிட்டாலும் இதனால் பெரும்பாலும் கெடுதி இல்லை. இரண்டு, சாராயம், கஞ்சா, தூக்க மாத்திரை இவற்றின் போதையை இது முறிக்காது. மூன்று, இதன் வேலை 30 முதல் 90 நிமிடங்கள் வரைதான். உட்கொண்ட போதைப் பொருள் அதைவிட நீண்ட நேரம் உடலில் இருந்தால், விழித்தவன் மீண்டும் மயங்கி மூச்சடைக்கக் கூடும். நான்கு, பழக்கப்பட்டவனுக்கு ஒரேயடியாக அதிகம் கொடுத்தால் கடும் நடுக்கம், வாந்தி, வெறி உண்டாகும். ஆகவே மூச்சு சீராக வரும் அளவுக்குச் சிறிது சிறிதாகக் கொடுப்பதே முறை.

முதல் கேள்வி: கொடுக்காமல் விட்டவர்

அருள்மறையின் ஐந்தாவது அத்தியாயமான சூரத்துல் மாயிதாவின் 32ஆவது வசனத்தில், ஓர் உயிரை வாழவைப்பது மனித குலம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பானது என்ற கருத்து வருவதை அறிவீர்கள். இது சிறப்பைச் சொல்வது. சட்டத்தை பிக்ஹு நூல்களில் பார்ப்போம்.

இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்களின் 'கிதாபுல் கராஜ்' நூலில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. பிரயாணிகள் சிலர் ஒரு நீர்நிலைக்கு வந்து, கிணற்றைக் காட்டும்படி அங்கிருந்தவர்களை வேண்டினார்கள். அவர்கள் மறுத்தார்கள். ஒரு வாளியாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். அதையும் மறுத்தார்கள். தாகத்தால் நாங்களும் எங்கள் ஒட்டகங்களும் மடியப் போகிறோம் என்று மன்றாடியும் பயனில்லை. பிறகு உமர் (ரலி) அவர்களிடம் இதை முறையிட்டபோது, அப்படி மறுத்தவர்கள் மீது நீங்கள் ஏன் ஆயுதம் எடுக்கவில்லை என்று கேட்டார்களாம். உயிர் போகும் நேரத்தில் தேவையானதை மறுப்பது எத்தகைய அநியாயம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

மாலிகி மத்ஹபின் பெரும் நூலான கலீல் (ரஹ்) அவர்களின் 'முக்தஸர்' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வயிறு கிழிந்த ஒருவனின் காயத்தைத் தைக்கத் தேவையான நூல் தம்மிடம் இருந்தும் ஒருவர் கொடுக்காமல் விட, அவன் இறந்தால், அவர் அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். சகோதரர்களே, சற்றுச் சிந்தியுங்கள்! ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் இமாம், ஒரு முழ நூலுக்கு இச்சட்டத்தைக் கூறினார்கள். இன்று அந்த நூலின் இடத்தில் ஒரு சிறு மருந்துக் குப்பி இருக்கிறது.

நம் ஹனபி மத்ஹபில் சட்டம் வேறு. கொடுக்காமல் விட்டவர் பெரும் பாவியாவார். ஆனால் தியத் எனும் உயிரீட்டுத் தொகை அவர் மீது வராது. கொன்றது அவருடைய கையல்ல, தாகமே என்பது அதன் காரணம். எனினும் இச்சட்டம் வழிப்போக்கரைப் பற்றியது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆம்புலன்ஸ் ஊழியர் வழிப்போக்கரல்லர். உயிர் காப்பதற்கென்றே சம்பளம் பெற்று அப்பணியை ஒப்புக்கொண்டவர். அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காக்காமல் அலட்சியமாக விட்டு அது அழிந்தால், காக்க ஏற்றவர் ஈடு தர வேண்டும் என்பது ஹனபி மத்ஹபிலும் ஒப்புக்கொள்ளப்பட்ட சட்டம். பொருளுக்கே இப்படி என்றால், ஒப்படைக்கப்பட்ட மனித உயிரை அலட்சியத்தால் விட்டவரிடம் விசாரணை இல்லை என்று எப்படிக் கூற முடியும்?

நாட்டின் சட்டமும் இதே திசையில் நிற்கிறது. ஸ்கூட்டரில் சென்று அடிபட்ட ஒருவரை, போலீஸ் கேஸ் என்பதால் ஒரு மருத்துவமனை ஏற்க மறுத்து 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பியது. அவர் வழியிலேயே மரணமானார். பரமானந்த் கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கில், 1989ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: அடிபட்டவர் நிரபராதியோ குற்றவாளியோ, முதலில் உயிரைக் காப்பதே ஒவ்வொரு மருத்துவரின் கடமை, சட்ட நடைமுறைகள் பின்னால்தான். 1996ல் மேற்கு வங்க வழக்கு ஒன்று வந்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியை, கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லை, வசதியில்லை என்று திருப்பி அனுப்பின. அவர் தனியார் மருத்துவமனையில் செலவு செய்து பிழைத்தார். தக்க சமயத்தில் சிகிச்சை தராதது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று கூறி, அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

எனவே முதல் கேள்விக்கு விடை: மருந்து கையிலிருந்து, தேவை தெரிந்து, கொடுக்கும் தகுதியும் இருந்து, கொடுக்காமல் விட்டவர் அல்லாஹ்விடமும் அடியார்களிடமும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

இரண்டாம் கேள்வி: கொடுத்துக் கெடுதி நேர்ந்தால்

மருத்துவ அறிவு இல்லாமலேயே மருத்துவம் பார்ப்பவன், அதனால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. இதிலிருந்து உலமாக்கள் எடுத்த சட்டம் இரு பக்கமும் பேசுகிறது: அறியாதவன் பொறுப்பாளி, அறிந்தவன் முறைப்படி செய்தால் பொறுப்பாளியல்லன்.

'ஹிதாயா'வில் கூலி பற்றிய பாடத்தில் இரத்தம் குத்தி எடுப்பவரைப் பற்றி வருகிறது. வழக்கமான இடத்தை மீறாமல் அவர் குத்தியிருந்தால், அதனால் நேர்ந்த சேதத்துக்கு அவர் மீது ஈடு இல்லை. மீறினால் உண்டு. பிக்ஹு அறிஞர்கள் இதை விரித்துக் கூறியவற்றிலிருந்து மூன்று நிபந்தனைகளைத் திரட்டலாம்.

முதலாவது, அறிவு. பயிற்சி பெற்றிருக்க வேண்டும். கழிவுத் தொட்டியில் விஷவாயு தாக்கி விழுந்தவரைத் தூக்க, முறை அறியாமல் இறங்கியவரும் விழுந்து மடியும் துயரத்தை நம் தோல் பகுதி அறியும். நல்லெண்ணம் மட்டும் அறிவின் இடத்தை நிரப்பாது.

இரண்டாவது, அனுமதி. நோயாளியோ அவருடைய பொறுப்பாளரோ சம்மதிக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவனிடம் எப்படிக் கேட்பது? உயிர் போகும் நிலையில் ஷரீஅத்தே அனுமதி அளித்துவிடுகிறது. மார்க்கம் அனுமதித்த செயலைச் செய்தவர் மீது ஈடு சுமத்தப்படாது என்பது உஸ்மானிய அரசின் 'மஜல்லா' சட்ட நூலில் 91ஆவது விதியாக இடம் பெற்ற ஹனபி சட்டக் கோட்பாடு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆவது பிரிவும், சம்மதம் பெற முடியாத நிலையில் ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்குப் பாதுகாப்புத் தருகிறது.

மூன்றாவது, வரம்பு. தொழிலின் முறைப்படி, உரிய அளவில், உரிய கவனத்துடன் செய்ய வேண்டும். இங்கேதான் நலோக்ஸோன் கொடுப்பவர் விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. 'போதைக்காரனுக்குப் பாடம் புகட்டுகிறேன்' என்று வேண்டுமென்றே அதிகம் செலுத்தித் துடிக்கவிடுவது வரம்பு மீறல். கண் விழித்தவுடன் 'சரியாகிவிட்டது, போ' என்று விட்டுவிடுவதும் வரம்பு மீறலே. மருந்தின் வேலை முடிந்ததும் மீண்டும் மூச்சு அடங்கக் கூடும் என்பது அவருக்குத் தெரியும். முறிமருந்து அல்லாத வேறொரு மருந்து பற்றிய வழக்கு இதை விளக்க உதவும். 2019ல் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரில், போலீசார் பிடித்து வைத்திருந்த ஒரு கறுப்பின வாலிபருக்கு இரு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் கெடமைன் என்ற மயக்க மருந்தை அவருடைய எடைக்கு மிஞ்சிய அளவில் செலுத்தினார்கள். அவர் இறந்துபோனார். 2023 டிசம்பரில் அவ்விருவரும் குற்றவாளிகள் என ஜூரிகள் தீர்ப்பளித்தனர். மருந்து கொடுத்ததா குற்றம்? அல்ல. சரியாகப் பரிசோதிக்காமல், அளவை மீறிக் கொடுத்ததே குற்றம்.

இம்மூன்று நிபந்தனைகளும் நிறைவேறிய பிறகும் ஒருவர் இறந்தால், அது அல்லாஹ் விதித்த அஜல். அதற்காக ஊழியரைப் பிடிப்பது அநியாயம். அப்படிப் பிடித்தால், நாளை எந்த ஊழியரும் துணிந்து மருந்தைக் கையில் எடுக்கமாட்டார். 2005ல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்சநீதிமன்றமும், சாதாரணக் கவனப் பிசகுக்கும் சிகிச்சை பலிக்காததற்கும் மருத்துவரைக் கிரிமினல் குற்றவாளியாக்க முடியாது, மிகப் பெரும் அலட்சியம் இருக்க வேண்டும் என்று கூறியது.

மூன்றாம் கேள்வி: பாவிக்கு ஏன் மருந்து?

'தானே தேடிக்கொண்ட வினை. இவனுக்கு எத்தனை முறை மருந்து கொடுப்பது?' என்று கேட்போர் உண்டு. 2017ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பட்லர் கவுண்டியின் ஷெரிப், தம் காவலர்கள் இம்மருந்தை எடுத்துச் செல்லமாட்டார்கள் என்று அறிவித்தார். அதே ஆண்டில் அங்குள்ள மிடில்டவுன் நகரமன்ற உறுப்பினர் ஒருவர், இருமுறை காப்பாற்றப்பட்டவனுக்கு மூன்றாம் முறை ஆம்புலன்ஸ் அனுப்ப வேண்டியதில்லை என்று யோசனை கூறினார்.

இஸ்லாம் இதை ஏற்காது. மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சிலர் சபித்தபோது, அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இது புகாரியில் உள்ளது. தண்டனை பெற்ற குடிகாரரைத் தூற்றுவதற்கே தடை என்றால், மூச்சுத் திணறுபவனைச் சாகவிட அனுமதி எங்கிருந்து வரும்? போதை ஹராம் என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் ஹராமைச் செய்தவனின் உயிர் ஹலாலாகிவிடவில்லை. அவனுக்குத் தௌபாவின் வாசல் திறந்திருக்கிறது. மருந்தைத் தடுப்பவர் அந்த வாசலை அடைக்கிறார்.

நான்காம் கேள்வி: வீட்டார் பொறுப்பு

பொறுப்பை ஆம்புலன்ஸ் ஊழியர் மீதே சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. பிள்ளை மயங்கிக் கிடக்கிறான். அக்கம்பக்கம் அறிந்தால் மானம் போகும், மஹல்லாவில் பேச்சாகும், மகளுக்குச் சம்பந்தம் வராது, போலீஸ் வரும் என்று தாய் தந்தையர் கதவைச் சாத்துகிறார்கள். 'வாயு' என்கிறார்கள், 'வலிப்பு' என்கிறார்கள். மோரும் எலுமிச்சைச் சாறும் உப்புத் தண்ணீரும் வாயில் ஊற்றுகிறார்கள். மயங்கியவனுக்கு அது நுரையீரலில் இறங்கி உயிரைக் குடிக்கும்.

பிறர் குறையை மறைப்பது நற்செயல் என்பது உண்மையே. ஆனால் அது ஊராரிடம் மறைப்பது, வைத்தியரிடம் மறைப்பதல்ல. எதைச் சாப்பிட்டான் என்று ஊழியர் கேட்கும்போது பொய் சொன்ன வீட்டார், பிறகு 'மருந்து கொடுக்கவில்லையே' என்று அவர் மீது பழி போட உரிமையற்றவர்கள். அறியாததற்கு அவரைப் பொறுப்பாளியாக்க முடியாது. மறைத்தவரே பதில் சொல்ல வேண்டும்.

ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். மூச்சு நின்றவனின் மூளை தாங்குவதோ சில நிமிடங்கள். ஆகவே வீட்டிலுள்ளோர் செய்ய வேண்டியவை இவை. உடனே 108க்குப் பேசுங்கள். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய இந்தச் சேவை இலவசமானது. மூச்சு இல்லை, எழுப்பினால் எழவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மூச்சு இல்லையேல், தொலைபேசியில் அவர்கள் சொல்லும்படி செயற்கை சுவாசம் கொடுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மாத்திரை அட்டை, ஊசி, பொட்டலம் எது கிடந்தாலும் ஒளிக்காமல் எடுத்துக் கொடுங்கள். விழித்த பின்னும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பழக்கத்திலிருந்து விடுபட 14446 என்ற அரசின் இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

நீதியாகக் கேட்கும் முறை

ஊழியர் உண்மையிலேயே கடமை தவறியிருந்தால் கேட்காமல் விடுவதும் சரியல்ல. இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அதுவே நேரும். ஆனால் கேட்பதற்கு ஒழுங்கு உண்டு. அழைத்த நேரம், வந்த நேரம், கொடுத்த மருந்து, மருத்துவமனை சேர்ந்த நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் அதைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்கு விதி. அரசு மருத்துவமனையானால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும் துணை செய்யும். பிறகு உரிய அதிகாரியிடம் முறையிடுங்கள். கூட்டம் கூடி ஆம்புலன்ஸ் கண்ணாடியை உடைப்பதும், ஊழியர் மீது கை வைப்பதும் ஹராம். 2008ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி கடும் தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். கேள்விப்பட்டதையெல்லாம் ஆராயாமல் பரப்புவதை, சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் தடுப்பதையும் மறக்க வேண்டாம்.

உயிர் காப்பது பர்ளு கிபாயா. ஊரில் சிலர் அறிந்து செய்தால் எல்லோர் மீதும் கடமை நீங்கும். எவருமே அறியவில்லையென்றால் எல்லோரும் பாவிகள். ஜனாஸாவைக் குளிப்பாட்டத் தெரிந்தவர் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார். ஜனாஸா ஆகாமல் தடுக்கத் தெரிந்தவர் எத்தனை மஹல்லாவில் இருக்கிறார்? முத்தவல்லிமார்களும் ஜமாஅத்தார்களும் அருகிலுள்ள மருத்துவமனையை அணுகி, ஆணில் சிலருக்கும் பெண்ணில் சிலருக்கும் முதலுதவியும் செயற்கை சுவாசமும் பழக ஏற்பாடு செய்தால், அது பெரும் சதக்காவாகும்.

ஆகவே பாடத்தின் சாரம் இதுதான். முறிமருந்து கொடுப்பவர் அறிவுக்கும் அனுமதிக்கும் வரம்புக்கும் பொறுப்பாளி. முடிவுக்குப் பொறுப்பாளியல்லர், முடிவு அல்லாஹ்வின் கையில். கையில் வைத்துக்கொண்டு கொடுக்காதவர் பொறுப்பாளி. உண்மையை மறைத்த வீட்டாரும் பொறுப்பாளிகள்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளைப் போதையின் தீங்கிலிருந்து காத்து, வழி தவறியோருக்குத் தௌபாவின் பாக்கியத்தையும், உயிர் காக்கும் பணியில் உள்ளோருக்கு அமானிதம் பேணும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.